வெட்டாத அருவாளுக்குத் துவைச்சல் எதற்கு?

2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல்துறை மாநிலம் முழுக்க ரவுடிகளைத் தேடிச் சோதனை நடத்தியது. நூற்றுக்கணக்கில் கத்தியும் அருவாளும் பிடிபட்டன. கையோடு அருவாள் பட்டறைகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. யார் வாங்கினாலும் பெயர், முகவரி, தொலைபேசி எண், எந்த வேலைக்கு என்பதுவரை நோட்டில் எழுதி வைக்க வேண்டும். விவசாயத்துக்கும் வீட்டு வேலைக்கும் மட்டுமே விற்க வேண்டும். பட்டறையில் கேமரா பொருத்த வேண்டும். செய்தியைப் படித்ததும் என் மனம் அந்த நோட்டின் கடைசிக் கட்டத்தில் போய் நின்றது. எந்த வேலைக்கு? எனக்கு வேலை ஒன்றும் இல்லை. நான் கத்தி சேர்க்கிறவன்.

அப்போது என்னிடம் இருந்தவை சொற்பம். செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பிரித்தபோது காரைக்குடிப் பழைய சாமான் கடைக்கு வந்த பித்தளைப் பாக்குவெட்டி, டார்ஜிலிங்கில் வாங்கிய குக்ரி, சிவப்புக் கைப்பிடி போட்ட சுவிஸ் மடக்குக் கத்தி, மார்த்தாண்டம் சந்தையில் எடுத்த வெட்டுக்கத்தி. நான்குக்கும் கடைக்காரரைத் தெரியும், அடித்தவரைத் தெரியாது. அடுத்ததை அடிக்கிற இடத்துக்கே போய் வாங்குவது என்று முடிவு செய்திருந்தேன். மானாமதுரை நண்பரிடம் சொன்னபோது, “அதுக்கு எதுக்கு யோசனை? திருப்பாச்சேத்திக்கு வாங்க” என்றார்.

மதுரையிலிருந்து ராமேசுவரம் போகும் வழியில் திருப்புவனத்துக்கும் மானாமதுரைக்கும் நடுவில் இருக்கிறது திருப்பாச்சேத்தி. 2005-ல் வந்த ‘திருப்பாச்சி’ படம் ஊர்ப் பெயரைச் சென்னைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்கு வெகுகாலம் முன்பே தென்மாவட்டங்களில் அருவாள் என்றால் இந்த ஊர்தான். படத்தால் ஊருக்குக் கிடைத்தது பெயர் மட்டும். அந்தப் பெயரில் முக்கால்வாசி, போலீஸ் நோட்டில் பதிகிற மாதிரியான பெயர்.

நண்பர் கூட்டிப்போன பட்டறை தகரக் கூரை போட்ட ஒரே அறை. துருத்தி இருந்த இடத்தில் மின்மோட்டார் காற்று ஊதுகிறது. உலையில் கனல்வது சீமைக்கருவேலங்கரி. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய்க்குள்ளும் கரம்பிலும் மண்டிக்கிடக்கிற அந்த மரத்தை வெட்டத்தான் ஊரில் பாதிப் பேர் அருவாள் வாங்குகிறார்கள். வெட்டிய மரம் மூட்டம் போட்டுக் கரியாகி இந்த உலைக்கே திரும்பி வருகிறது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரத்தை வேரோடு அகற்றச் சொன்னபோது பட்டறைகளில் நல்ல வியாபாரமாம். மரம் முழுக்கப் போய்விட்டால் கரிக்கு எங்கே போவது என்ற கவலையும் கூடவே இருந்திருக்கிறது.

பட்டறைக்காரர் எழுபதைத் தாண்டிய பெரியவர். என்னை உட்காரக்கூடச் சொல்லாமல் கேட்டார்: “என்ன வேலைக்கு வேணும் தம்பி?”

“வேலைக்கு இல்லய்யா. சேத்து வைக்க.”

குறட்டைக் கீழே வைத்தார். “சேத்து வைக்கன்னா வெட்ட மாட்டீக. அப்பச் சாமிக்குச் செய்யிற மாதிரி செஞ்சிருவமா? வெட்டாத அருவாளுக்குத் துவைச்சல் எதுக்கு?”

கேலியாகக் கேட்கவில்லை. அவர் கையில் இரண்டு வகை அருவாள் உண்டு. ஒன்று கருப்பசாமிக்கு. அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பிலிருந்து ஊர் எல்லைக் கருப்புவரை, நேர்ந்துகொண்டவர்கள் ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும் அருவாள் செய்து சாத்துகிறார்கள். பளபளப்பும் மணியும் அதற்கு முக்கியம். அது எதையும் வெட்டப் போவதில்லை. மற்றது மனிதனுக்கு. அதற்குத் துவைச்சல் இல்லாவிட்டால் அது வெறும் தகடு.

துவைச்சல்தான் இந்தத் தொழிலின் உயிர். அடித்து வடிவம் கொண்டுவந்த இரும்பைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுக்கிறார்கள். வாய் கண்ணாடிக் கடினம் ஆகிவிடும். அப்படியே விட்டால் முதல் வெட்டிலேயே பொரிந்து போகும். முதுகில் மிச்சம் இருக்கும் சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது இறங்கும்போது தேய்த்த இரும்பின் மேல் நிறம் ஓடும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, கடைசியில் நீலம். வைக்கோல் நிறம் ஏறக்குறைய 220 டிகிரி, நீலம் 300-ஐ ஒட்டி. கருவேல முள் வெட்டுகிற அருவாளுக்கு நிறம் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும், அடி தாங்கும். கறிக்கத்திக்கு முன்னதாகவே நிறுத்த வேண்டும், கூர் நிற்கும். பெரியவரிடம் வெப்பமானி கிடையாது. வெளிச்சத்துக்காகக் கூரையில் ஒரு தகரத்தைக்கூட மாற்றாமல் பட்டறையை இருட்டாகவே வைத்திருக்கிறார், நிறம் தெரிய வேண்டும் என்பதற்காக.

“துவைச்சலோடதான் வேணும்” என்றேன். “பாளை அருவாள்.”

அப்போதுதான் முக்காலியைத் தள்ளி உட்காரச் சொன்னார்.

பாளை அருவாள் பனையேறியின் கருவி. பாளையை வெட்டக் கூடாது. மெல்லிசாகச் சீவிவிட வேண்டும், நாள் தவறாமல். சீவல் தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், மொண்ணையாக இருந்தால் நசுங்கிப் பதனீர் நின்றுபோகும். அதனால் மற்ற அருவாள்களைவிட அதன் வாய் மெல்லியது, கூர் அதிகம். ஒரு காலத்தில் சாயல்குடிப் பக்கத்திலிருந்து பனையேறிகள் வந்து, தங்கள் கை நீளத்துக்கும் பிடிக்கும் சொல்லிச் செய்து வாங்கிப் போவார்களாம். கள் இறக்க 1987 முதல் தடை. பதனீர் இறக்குகிறவர்களின் பிள்ளைகள் மரம் ஏறவில்லை. “கடைசியா எப்ப அடிச்சேன்னு நெனவில்ல. கை மறந்திருக்குமான்னு பாப்பம்” என்றார்.

கத்தி சேர்ப்பதில் எனக்கு இருந்த கூச்சம் அந்த ஒரு பேச்சில் போனது. தொழில் போனால் அதன் கருவியும் போகும். வடிவம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, பட்டறைக்காரரின் மணிக்கட்டில் இருக்கிறது. யாராவது கேட்டால்தான் அது வெளியே வரும்.

அடுப்பு மூட்டினார்கள். இரும்பு, லாரியில் கழற்றிப்போட்ட ஸ்பிரிங் பட்டை. மதுரைப் பழைய இரும்புக் கடைகளில் கிலோ கணக்கில் வருவது. ஏறக்குறைய 0.6 விழுக்காடு கார்பனும் கொஞ்சம் சிலிக்கனும் கலந்த எஃகு அது. பாரம் தாங்கி வளைந்து நிமிர்வதற்கென்றே உருக்கியது, அதனால் அருவாளுக்கும் தோதாக இருக்கிறது. உளி வைத்துத் துண்டு போட்டதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

உலைக்கல்லுக்கு எதிரே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெரியவரின் மருமகள் வந்து நின்றார். கையில் 5 கிலோ சம்மட்டி. பெரியவர் சின்னச் சுத்தியால் கங்கு இரும்பில் ஓரிடம் தொடுகிறார். அதே இடத்தில் சம்மட்டி விழுகிறது. அவர் நகர்த்தித் தொடுகிறார், இது பின்தொடர்கிறது. சுத்தியைச் சாய்த்துத் தொட்டால் சம்மட்டியும் சாய்கிறது, மெலிதாகத் தொட்டால் மெலிதாக விழுகிறது. சுத்தி வெறும் கல்லில் ஒருமுறை கிணுங்கினால் நிறுத்தம். அடிக்கும்போது இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பாளை அருவாளின் வளைவு எழுந்துவந்தபோது பெரியவர் சொன்னது இரண்டே சொல்: “போதும் தாயி.”

அந்த அக்கா பட்டறை வீட்டில் பிறந்தவர்தான். ஆனால் பிறந்த வீட்டில் சம்மட்டியைத் தொட்டதில்லை. கல்யாணமாகி வந்தபோது இங்கே கூலிக்குச் சம்மட்டி அடிக்க இரண்டு ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் கேரளத்துக்குக் கட்டட வேலைக்குப் போனார், மற்றவருக்கு முதுகு போனது. புருசன் கொஞ்ச காலம் அடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டார். “மாமா ஒத்தையில என்ன செய்வாக? ரெண்டு நாளைக்குன்னு எடுத்தேன், இறக்கி வைக்க முடியல” என்றார். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் ஏழு மாதம்வரை அடித்திருக்கிறார். வலது தோளில் வலி நிரந்தரம். மழை நாளில் கை தலைக்கு மேல் போகாது. சம்மட்டி அடிக்கத் தெரிந்தவர், இரும்பைப் பிடித்து வடிவம் கொண்டுவரவும் தெரிந்தவர்; பெரியவர் வெளியூர் போன நாளில் கறிக்கத்தியெல்லாம் இவரே முடித்திருக்கிறார். வாங்க வருகிறவர்கள் மட்டும் “ஆசாரி இல்லையா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

கணக்கைக் கேட்டேன். பட்டை, கரி, கரண்ட், கைப்பிடிக் கட்டை, சாணைக் கூலி என்று விரல் மடக்கினார். சம்மட்டிக்கு விரல் மடங்கவில்லை. “அதுக்குக் கூலி போட்டா அருவா வெலை போகாது தம்பி.”

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பட்டறைக்குப் பட்டையைக் கடனாகக் கொடுப்பவர் ஒரு வியாபாரி. கடனுக்கு ஈடாக அருவாளை மொத்தமாக எடுத்துக்கொள்பவரும் அவரே. விலை வைப்பவரும் அவரே. அவரிடமிருந்து நகரத்து இரும்புக் கடைக்குப் போகும்போது விலை இரண்டு மடங்கு. அங்கிருந்து இணையத்தில் ‘பாரம்பரியக் கைவேலை’ என்று அட்டைப்பெட்டியில் ஏறும்போது இன்னொரு மடங்கு. பெட்டியில் மீசை வைத்த ஆசாரி படம் இருக்கும், அந்த மீசைக்காரருக்கு எந்தப் பட்டறையும் இருக்காது. எங்கோ இயந்திரத்தில் வெட்டிய தகட்டுக்கும் திருப்பாச்சேத்திப் பெயர் போட்டு விற்கிறார்கள். பெயருக்குச் சொந்தக்காரர்கள் கேமரா மாட்டவும் நோட்டு வாங்கவும் கைக்காசு போட வேண்டும். பெயரை விற்கிறவருக்கு அந்தச் செலவும் இல்லை.

அரசுக்கும் அந்தச் சம்மட்டி கண்ணில் படுவதில்லை. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பரில் 18 தொழில்களுக்கு வந்தது, கொல்லுவேலையும் அதில் உண்டு. ஆனால் குடும்பத்துக்கு ஒருவர்தான் பயனாளி. தமிழ்நாடு அதை ஏற்காமல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாகக் கொண்டுவந்தது. கடனில் 25 விழுக்காடு, 50,000 ரூபாய்வரை மானியம். கடன் எங்கிருந்து வந்தாலும், அருவாளின் விலையை வைக்கிற கை மாறாதவரை அது வியாபாரியின் கல்லாவுக்குத்தான் போய்ச் சேரும்.

கெட்ட பெயரும் சட்டமும் சேர்ந்தால் தொழில் என்னாகும் என்பதற்கு உத்தரப் பிரதேசத்து ராம்பூர் சாட்சி. இந்தி சினிமா வில்லன் கையில் பிரபலமான ராம்பூரிக் கத்திக்கு 1990களில் அந்த மாநில அரசு நாலரை அங்குல வரம்பு விதித்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. 2023-ல் அதே ராம்பூரில் 20 அடி உயரத்துக்கு ஒரு கத்தியைச் சிலையாக நிறுத்தினார்கள். திருப்பாச்சேத்தி முச்சந்தியிலும் ஒருநாள் அப்படி ஒன்றை நிறுத்தக்கூடும்.

நம் சட்டம் சேர்க்கிறவர்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் என்று செய்தவை அதில் சேரா. ஆக, கருவிகளைச் சேருங்கள். வாளும் பிச்சுவாவும் வேண்டாம். பெரியவர் நோட்டில் என் பெயருக்கு நேரே, எந்த வேலைக்கு என்ற இடத்தில் “பாளை அருவாள்” என்றே எழுதினார். கருவியைச் சொன்னால் வேலையைச் சொன்ன மாதிரிதான்.

சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். எண்ணிக்கை முக்கியமில்லை. பட்டறையிலேயே வாங்குங்கள், துவைச்சலோடு வாங்குங்கள், அவ்வப்போது அதற்கு வேலை கொடுங்கள். இந்த எஃகு துருப்பிடிக்கும். துடைத்து விளக்கெண்ணெய் தடவி வையுங்கள். தோலுறைக்குள் மூடி வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு நோட்டும் வையுங்கள். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் இருந்தவற்றில் தேர்ந்தெடுத்த கொஞ்சத்தைச் சென்னை அருங்காட்சியகம் எடுத்துக்கொள்ள, பெரும்பகுதியை 1860களில் ஆங்கில அரசு பழைய இரும்பாகத் தள்ளிவிட்டது. பிழைத்தவற்றின் பக்கத்தில் உள்ள அட்டைகளில் ஊரும் நூற்றாண்டும் பார்த்திருக்கிறேன். அடித்தவர் பெயரைப் பார்த்ததில்லை. என் நோட்டில் ஒவ்வொரு கத்திக்கும் இரும்பு எது, வேலை எது, சுத்தி பிடித்தவர் யார், சம்மட்டி அடித்தவர் யார் என்று நான்கு கட்டங்கள் போட்டிருக்கிறேன். நான்காவது கட்டத்துக்கும் சேர்த்துத்தான் விலை கேட்க வேண்டும். அக்கா முதலில் சொல்லக் கூசினார், பிறகு சொன்னார். கூலி சேர்த்தும் அந்த அருவாள் நல்ல செருப்பு ஒரு ஜோடியின் விலைக்குள்தான் நின்றது. அதைக் கொடுக்க மனம் வராதவர்கள் தபால்தலை சேர்க்கலாம்.