நீங்க கேக்கவே இல்லையே சார்!

உங்களிடம் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபது வருஷமாக டென்னிஸ் ஆடுகிறேன். எனக்கு பேக்ஹேண்ட் வராது.

அது வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டதுதான் என் திறமை. இடது பக்கம் பந்து வந்தால், அதைச் சுற்றி ஓடிப்போய் ஃபோர்ஹேண்டில் அடித்துவிடுவேன். டபுள்ஸில் எப்போதும் வலப்பக்கம்தான் நிற்பேன். நடுவில் வருகிற பந்துகளை பார்ட்னர் பார்த்துக்கொள்வார்.

ஐம்பது வயது வரை கால்கள் இந்த மோசடிக்கு ஒத்துழைத்தன. அப்புறம் மறுத்துவிட்டன. வேறு வழியில்லாமல் பேக்ஹேண்ட் அடிக்க ஆரம்பித்தேன். ஆறே மாதத்தில் முழங்கையின் வெளிப்பக்கம் வலி. காபி டம்ளரைத் தூக்கினால் சுரீர் என்றது.

டாக்டர் அமுக்கிப் பார்த்து "டென்னிஸ் எல்போ" என்றார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த வாக்கியத்திலேயே அதைப் பிடுங்கிக்கொண்டார். "இது வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க டென்னிஸே ஆடினதில்லை. பெயின்ட் அடிக்கிறவங்க, துணி பிழியறவங்களுக்கெல்லாம் வரும். கொஞ்ச நாள் ரெஸ்ட் குடுங்க. அப்புறம் யார்கிட்டயாவது உங்க ஸ்ட்ரோக்கைக் காட்டுங்க."

யாரிடம் காட்டுவது? எங்கள் கிளப்பில் ஒரு மார்க்கர் இருக்கிறார். மார்க்கர் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆள் குறைந்தால் நாலாவது ஆளாக ஆடுவார். மெம்பர்களுக்குப் பந்து போட்டு ப்ராக்டீஸ் கொடுப்பார். பத்து வயதில் பால் பாயாக வந்தவர், இப்போது அறுபதை நெருங்குகிறார். இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் பேசியது 'குட்மார்னிங்', 'புது பால் எடுங்க', தீபாவளிக்கு ஒரு கவர். அவ்வளவுதான்.

போய் நின்றேன். "ராக்கெட்டைப் பிடிங்க சார்" என்றார். பிடித்தேன்.

"இது ஃபோர்ஹேண்ட் பிடி. இதே பிடியில ரெண்டு பக்கமும் அடிக்கறீங்க. பேக்ஹேண்ட்ல ராக்கெட் வானத்தைப் பாக்குது. அதைச் சரிபண்ண மணிக்கட்டை மடக்கறீங்க. மடங்கின மணிக்கட்டோட அடிச்சா பாரமெல்லாம் முழங்கைக்குத்தான் சார் போகும்."

டென்னிஸ் ராக்கெட்டின் கைப்பிடியை உற்றுப் பாருங்கள். உருண்டையாக இருக்காது, எட்டுப் பட்டைகள் உண்டு. ஃபோர்ஹேண்டுக்கு ஆள்காட்டி விரலின் அடிமுட்டி பக்கவாட்டுப் பட்டையில் இருக்கும். ஒற்றைக் கை பேக்ஹேண்டுக்கு அதை மேல் பட்டைக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டே பட்டை, ஏறக்குறைய ஓர் அங்குலம். என் இருபது வருஷத் தப்பின் நீளம் அவ்வளவுதான்.

முதல் வாரம் பந்தே கிடையாது. "வலது கையை மறந்துடுங்க. இடது கையால ராக்கெட்டோட கழுத்தைப் பிடிச்சுப் பின்னால இழுங்க. அப்பதான் தோள் திரும்பும்." வீட்டில் கண்ணாடி முன்னால் தினமும் ஐம்பது தடவை காற்றில் வீசினேன். "யாரை அடிக்கறீங்க?" என்றாள் மனைவி.

இரண்டாவது வாரம் பக்கத்தில் நின்று பந்தைக் கையால் போட்டார். முன்னங்காலுக்கு முன்னாலேயே பந்தைச் சந்திக்க வேண்டும். "காலைத் தாண்டி உள்ள வந்துட்டா அது உங்க பந்து இல்லை சார்." கைப்பிடியை நெரிக்கவும் கூடாது. "மார்க்கெட்ல பழுத்த தக்காளியை எடுத்துப் பாப்பீங்கல்ல, அந்தப் பிடி போதும்."

அப்புறம் ஒரு விளையாட்டு. பந்து தரையில் பட்டதும் 'டப்', ராக்கெட்டில் பட்டதும் 'டொக்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெட்கமாக இருந்தது. சொல்லிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, என் 'டொக்' எப்போதும் முந்திக்கொண்டு வந்தது. நான் பந்தைப் பார்க்கவே இல்லை. அது போய் விழப்போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதே பயிற்சியை டிமோதி கால்வே 1974-ல் வெளிவந்த 'தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்' புத்தகத்தில் எழுதியிருக்கிறார். மார்க்கர் அதைப் படித்தவரில்லை. எப்போதோ வந்த ஒரு வெளிநாட்டு கோச் பசங்களுக்குச் சொன்னதை, பந்து பொறுக்கிக்கொண்டே கேட்டாராம்.

மூன்றாவது வாரம் வலைக்குப் பக்கத்தில், சர்வீஸ் லைனில் நின்று மெதுவாக. நாலாவது வாரம் பின்னால் போய், குறுக்காக மூலைக்கு மூலை. எதிர்மூலையில் ஒரு காலி பந்து டப்பா இலக்கு. "ஏன் குறுக்கால?" என்றேன். வலை ஓரத்தில் மூன்றரை அடி, நடுவில் மூன்றடிதான். கோர்ட் நீளம் 78 அடி. சிங்கிள்ஸில் மூலைக்கு மூலை ஏறக்குறைய 82½ அடி. வலையும் தாழ்வு, இடமும் அதிகம். தப்புக்கு மன்னிப்புக் கிடைக்கிற திசை அது.

இத்தனையும் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போனேன். 6-1 என்று தோற்றோம். அடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு போனபோது, என் இடத்தில் வேறொருவர் ஆடிக்கொண்டிருந்தார். பார்ட்னர் என்னைப் பார்க்காமல் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். பழைய பிடிக்கே போய்விடலாமா என்று நிஜமாகவே தோன்றியது.

பீட் சாம்ப்ரஸ் ஞாபகம் வந்தார். 14 வயதில் இரட்டைக் கை பேக்ஹேண்டை விட்டு ஒற்றைக் கைக்கு மாறினார். அதுவரை ஜெயித்த பையன்களிடமே தோற்றார். 1990-ல், 19 வயதில் யு.எஸ். ஓப்பன் ஜெயித்தார். அவருக்கு வயது இருந்தது. எனக்கு?

பேச்சுவாக்கில், 2008 ஜனவரியில் நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓப்பன் ஃபைனலைச் சொன்னேன். மிகைல் யூஷ்னி 6-0, 6-1 என்று நடாலைத் தோற்கடித்த ஆட்டம். "அவரோட பேக்ஹேண்டைக் கண்ணாலயே பாத்தேன். அப்பகூட எனக்கு உறைக்கலை."

"அவரோட இடது கையைப் பாத்தீங்களா சார்? கடைசி வரைக்கும் ராக்கெட்டை விடாது."

பார்க்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் பார்த்திருந்தேன்.

அப்போதுதான் கேட்டேன். "என் தப்பு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நீங்க வந்த முதல் வாரமே தெரியும் சார்."

"பின்ன ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கவே இல்லையே சார்."

பந்துகளைக் கூடையில் போட்டபடி, சிரித்துக்கொண்டே தொடர்ந்தார். "சின்ன வயசுல ஒரு மெம்பர்கிட்ட நானாப் போய்ச் சொன்னேன். மறுநாள் ஆபீஸ்ல கூப்பிட்டு, பந்து போடறதோட நிறுத்திக்கோன்னுட்டாங்க. அதுலேர்ந்து கேட்டா மட்டும்தான்."

இருபது வருஷம். என் இடது பக்கத்துக்கு எத்தனை ஆயிரம் பந்து போட்டிருப்பார்! ஒவ்வொன்றுக்கும் விடை தெரிந்தும் பேசாமல் அடுத்த பந்தை எடுத்திருக்கிறார். முழங்கை வலியைவிட இது அதிகமாக வலித்தது.

எட்டு மாதமாகிறது. வலி போய்விட்டது. பத்து பேக்ஹேண்டில் ஆறு உள்ளே விழுகிறது. பழைய குரூப்பில் இடம் கிடைக்கவில்லை. வேறு மூன்று பேரோடு ஆடுகிறேன். இரண்டு கோர்ட் தள்ளி நின்றுகொண்டு "லேட்டு சார்!" என்று மார்க்கர் கத்துகிறார். எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். கத்தட்டும்.

உங்கள் தப்பைத் தினமும் பார்த்துக்கொண்டு, நீங்கள் கேட்காததால் சும்மா இருக்கிற ஒருவர் உங்கள் ஆபீஸிலோ வீட்டிலோ இருக்கக்கூடும். ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

நான் கேட்டேன். "என்கிட்ட திருத்திக்க வேண்டியது ஏதாவது இருக்கா?"

மனைவி டி.வி.யை அணைத்தாள். "உக்காருங்க. காபி போட்டு எடுத்துட்டு வரேன். நேரமாகும்" என்றாள்.