பத்திரமாக வை
(முன்னாள் மாணவி ஒருத்தி எழுதுவது)



ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி சகோதரி கேட்டபோது, "பயணக் கட்டுரையாக இருக்கட்டும், பிள்ளைகள் விரும்பிப் படிப்பார்கள்" என்றார்கள். நானும் மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகோ, போன இடங்களைவிடத் திரும்பி வந்த கதையே என் மனத்தில் நிற்கக் கண்டேன். ஆகவே ஹம்பியின் கல்தேரையும் பாதாமியின் குடைவரைகளையும் எதிர்பார்ப்போர் என்னை மன்னிக்க வேண்டும்.

2025ஆம் ஆண்டு மே மாதம், பட்டப் படிப்பின் கடைசித் தேர்வு முடிந்த மறுவாரம் நாங்கள் மூவர் புறப்பட்டோம். மூவரும் வேதியியல் மாணவிகள். ஆளுக்கொரு முதுகுப் பை, ஆளுக்குப் 12 ஆயிரம் ரூபாய், 16 நாள்கள். என்னுடையது என் அண்ணன் முறை ஒருவர் கொடுத்த பழைய என்.சி.சி. பை. அதன் ஒரு பக்கத்து வார் தூத்துக்குடியைத் தாண்டுமுன்பே அறுந்துவிட்டது. அதைச் சாக்கு ஊசியால் தைத்துக்கொண்டே கர்நாடகம் முழுவதும் போனேன். எங்களுள் ஒருத்தி குடித்த ஒவ்வொரு தேநீருக்கும் நோட்டில் கணக்கு எழுதினாள். அவளுக்குக் 'கணக்குப்பிள்ளை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஹம்பியில் விட்டலர் கோயில் கல்தேரின் முன் நின்று, ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்து, அதில் அச்சாகியுள்ள தேரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்று நோட்டை மீண்டும் பைக்குள் வைத்துக்கொண்டாள். மற்றொருத்தி நேர் எதிர். அவள் கேட்டவர்க்கெல்லாம் கொடுப்பாள். கொடுத்தபின் எங்களிடம் கடன் கேட்பாள்.

எங்களை அனுப்புவதற்கு என் அம்மா ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்கள். கோவாவுக்குப் போய்ப் புனித சவேரியாரைத் தரிசித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். நமது கடற்கரைக்காரர்களுக்கு அவர் வேற்றூர்ப் புனிதரா என்ன!

தோழியரிடம் நான் முழுமையாகச் சொல்லாத செய்தி ஒன்று என் பையோடு கூடவே வந்தது. ஜெர்மனியில் முதுகலை படிக்க மூன்று பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்திருந்தேன். ஒன்று மறுத்துவிட்டது. இரண்டு பதிலே தரவில்லை. அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்று கேட்டபோது எங்கள் வீட்டில் எல்லோரும் அகமகிழ்ந்தோம். பிறகுதான் மற்றவை ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் தம் சான்றிதழ்களைச் சரிபார்த்து ஒரு தனிச் சான்று பெற்றாக வேண்டும். அதை வாங்கிவிட்டேன். ஆனால் விசா கேட்கும்போது ஓராண்டுச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வேண்டிய தொகையை முன்கூட்டியே காட்ட வேண்டும். பெரும்பாலோர் அதற்கென ஒரு தனிக் கணக்கில் பணத்தைக் கட்டுகிறார்கள். நாம் நினைத்தபோது எடுக்க முடியாது, மாதம் 992 யூரோ வீதம்தான் கைக்கு வரும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ என்று உயர்ந்தது. நம் பணத்தில் 11 இலட்சத்துக்கு மேல். என் அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவர். வேறு விளக்கம் தேவையில்லை.

"போய்ட்டு வா, வந்து பேசுவோம்" என்று அப்பா வழியனுப்பினார்கள். அந்தப் பேச்சிலிருந்து தப்பித்ததாகவே எண்ணி நான் ரயிலேறினேன். இதை இப்போது எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பயணம் முடியப்போவது பையைத் தூக்கும்போதே தெரிந்துவிடுகிறது. சோப்பு தேய்ந்து நகத்தளவாயிற்று. துவைக்க வேண்டிய துணியைத் துவைக்காமல், "இனி வீட்டுக்குப் போய்த்தானே" என்று சுருட்டி வைத்தோம். கோகர்ணத்தில் கடலைப் பார்த்தபடி நாங்கள் பேசியது கடலைப் பற்றி அல்ல, வீட்டு ரசத்தைப் பற்றி! தாராளக்காரி தன் குடையைப் பேருந்து நிலையத்தில் ஒரு பாட்டிக்குக் கொடுத்தாள். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. மடகாவ் வந்து சேர்ந்தபோது மூவரும் நனைந்த கோழிகள். மற்ற இருவருக்கும் ஊர் நினைப்பு இனித்தது. எனக்கோ ஒவ்வொரு நாள் குறையக் குறைய வயிற்றில் ஏதோ இறங்கியது. "இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவோமா?" என்றேன். கணக்குப்பிள்ளை நோட்டை விரித்துக் காட்டினாள். முடியாது.

அன்றிரவு தங்குமிடத்துக்கு அக்காவின் அழைப்பு வந்தது. 

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லிருக்காங்க. வீட்டுப் பத்திரத்தை எடுத்துட்டுப் போய் பாங்க்ல காட்டிட்டு வந்தாங்க. நீ நிம்மதியா சுத்திட்டு வரணுமாம்."

அக்காவின் குரலில் கோபம் இல்லை. அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. கோபித்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

மறுநாள் பழைய கோவா சென்றோம். மழையில் பொம் ஜேசு பேராலயத்தின் பூச்சில்லாத செம்பாறைச் சுவர் கருஞ்சிவப்பாகத் தெரிந்தது. 2024 நவம்பர் முதல் 2025 சனவரி வரை நடந்த திருவுடல் காட்சிக்கு வந்த பெருங்கூட்டமெல்லாம் ஓய்ந்து, உள்ளே ஆள் குறைவு. உயரத்தில் வெள்ளிப் பேழை. அம்மா சொன்னபடி மெழுகுவத்தி ஏற்றினேன். ஆனால் என்ன கேட்டு மன்றாடுவது? இடம் கிடைக்க வேண்டும் என்றா, கிடைக்கக் கூடாது என்றா? உண்மையைச் சொன்னால் நான் அங்கு செபிக்கவே இல்லை. மறைக்கல்வி வகுப்பில் கேட்ட சவேரியார் கதையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாரீசில் பல ஆண்டுகள் படித்தவர் அவர். இந்தியாவுக்கு வர முதலில் குறிக்கப்பட்டவர்களுள் அவர் இல்லை. 1540இல், போகவேண்டிய பொபதில்லா நோயுற்றதால், புறப்பாட்டுக்கு முந்தின நாள்தான் இவரைப் போகச் சொன்னார்கள். அப்படி வந்தவர்தான் 1542இல் நம் முத்துக்குளித்துறைக் கரையில் கால் வைத்தார். பத்தாண்டு கழித்து, 1552 டிசம்பர் 3இல், சீனத்துக்கு அழைத்துப் போவதாகச் சொன்ன படகுக்காகக் காத்திருந்தே சான்சியான் தீவில் உயிர் நீத்தார். படகு வரவில்லை. சிறுமியாக இருந்தபோது இந்தக் கடைசிப் பகுதியைக் கேட்டு, "ஐயோ, வீணாகக் காத்திருந்தாரே!" என்று சகோதரியிடம் அழுதேனாம். அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

திரும்புவதற்குத் திருநெல்வேலி செல்லும் வண்டி. கொங்கண் ரயில் பாதை 1998இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. 90க்கும் மேற்பட்ட மலைக்குகைகள் அதில் உண்டு. குகைக்குள் நுழையும்போதெல்லாம் சன்னலில் என் முகமே தெரியும், வெளியே வந்ததும் தென்னையும் உப்பங்கழியும் தெரியும். நான்கு நாள் முன்பு இறங்கிய கோகர்ண நிலையம் விர்ரென்று பின்னே போயிற்று.

அப்போது கணக்குப்பிள்ளை சாதாரணமாகக் கேட்டாள்: "அங்க போய் என்ன படிக்கப் போற?"

பாடத்தின் பெயரைச் சொன்னேன்.

"அப்படின்னா?"

விளக்கக் குறிப்பில் இருந்த நான்கு வரிகளை ஒப்பித்தேன். "அதுல உனக்கு எது பிடிக்கும்?" என்றாள். என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் பிராங்க்பர்ட்டில் இறங்கி வடக்கே பிரேமன் வரை ரயிலில் எப்படிப் போவது என்று அவள் கேட்டிருந்தால் காசெல், கோட்டிங்கன், ஹனோவர் என்று நிலையங்களை வரிசையாகச் சொல்லியிருப்பேன். எத்தனை இரவு அந்த வரைபடத்தைப் பார்த்துக் கிடந்திருக்கிறேன்! பாடத்திட்டத்தை அப்படி ஒரு முறையாவது பார்த்தேனா? படிக்கப் போக ஆசையா, அல்லது போக மட்டுமே ஆசையா? போவதற்கு மட்டும் என்றால் இந்த அறுந்த வார்ப் பையும் 12 ஆயிரம் ரூபாயும் போதுமே. அதற்கா எங்கள் வீட்டுப் பத்திரம்? இரவு முழுதும் மேல் படுக்கையில் தூக்கமில்லை. விடிந்தபோது கேரளத்தில் இருந்தோம்.

திருநெல்வேலி சந்திப்பில் அப்பா நின்றுகொண்டிருந்தார்கள். வரவேண்டாம் என்று சொல்லியும் பேருந்தேறி வந்திருந்தார்கள். என் பையை வாங்கித் தம் தோளில் மாட்டி, தைத்த இடத்தைத் தடவிப் பார்த்தார்கள். தூத்துக்குடி போகும் பேருந்தில் மணிகண்டம் கதையெல்லாம் பேசினோம். வாகைக்குளம் தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை.

"அப்பா, பாங்க்குக்குப் போனீங்களா?"

சற்று நேரம் சாலையைப் பார்த்தார்கள். "அக்கா சொல்லிட்டாளாக்கும்" என்றார்கள். "காட்டத்தான் போனேன். இன்னும் கொடுக்கல. நீ என்னம்மா நினைக்கிற?"

"தெரியலப்பா."

இந்த ஒரு சொல்லைச் சொல்லவா பதினாறு நாள் ஓடினேன்! கோபிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். விண்ணப்பங்களுக்கும் தேர்வுக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஏற்கெனவே செலவழித்த பணம் கொஞ்சமில்லை.

"போகணும்னா சொல்லு. வேண்டாம்னாலும் சொல்லு. நீ ஒண்ணும் சொல்லாம இருந்ததாலதான் நானா பத்திரத்தை எடுத்தேன்" என்றார்கள். பிறகு, "தெரியலன்னா தெரிஞ்சப்புறம் பார்ப்போம். வீடு எங்கயும் போயிடாது" என்றார்கள்.

வீடு வந்ததும் முதல் வேலையாகப் பத்திரத்தை இரும்புப் பெட்டியில், அம்மாவின் திருமணச் சேலைக்கு அடியில் மீண்டும் வைத்தார்கள். அக்கா என் பையைப் பின்கட்டில் தலைகீழாகக் கொட்டினாள். கோகர்ணத்து மணல் ஒரு கைப்பிடி விழுந்தது. மிச்சப் பணம் 340 ரூபாய்.

சூன் மாதம் நகரில் தண்ணீர்ப் பரிசோதனை செய்யும் ஓர் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சூலையில், பதில் தராத இரண்டு இடங்களுள் ஒன்றிலிருந்து 'இடம் உண்டு' என்று கடிதம் வந்தது. இவ்வாண்டு வர இயலவில்லை என்று நன்றியுடன் எழுதிவிட்டேன். அங்கே இடத்தை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. வேண்டுமானால் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிப்பேனா? ஆய்வகத்தில் இரவு வேலையில்லாத நாள்களில் அந்தப் பாடத்திட்டத்தை ஒவ்வொரு பாடமாக எழுத்துக் கூட்டிப் படித்து வருகிறேன். சிலது பிடிக்கிறது, சிலது பிடிக்கவில்லை.

கடிதத்தை அப்பாவிடம் காட்டியபோது கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார்கள். ஆங்கிலத்தில் என் பெயர் இருந்த வரியை விரலால் தொட்டார்கள்.

"பத்திரமா வை" என்றார்கள்.

பெட்டியில், பத்திரத்தின் மேலேயே வைத்திருக்கிறேன்.