கண்டவர் சொல்லக் கேட்போம்

கண்டவர் விண்டதில்லை, விண்டவர் கண்டதில்லை என்பது நம் முன்னோர் வழங்கிய மொழி. இறைவனைக் குறித்து எழுந்த இம்மொழி போர்க்களத்திற்கும் நன்கு பொருந்துகிறது. போரைப் பற்றி மேடையேறி முழங்குவோர் பெரும்பாலும் போரைக் கண்டவர் அல்லர். கண்டவரோ வீட்டின் ஒரு மூலையில் நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு வாய்மூடி அமர்ந்திருக்கின்றனர். அவருள்ளும் ஒரு சாராரைப் பற்றியே இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம். படையில் துப்பாக்கிக்குப் பதிலாகவோ, துப்பாக்கியோடு சேர்த்தோ புகைப்படக் கருவியை ஏந்தியவர்கள் அவர்கள். கொடிய காட்சி எதிர்ப்பட்டால் மற்ற வீரர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இவர்களுக்கு அவ்வுரிமை கிடையாது. பார்ப்பதே இவர்களுக்கு இடப்பட்ட கட்டளை.

இப்பணிக்கும் நம் சென்னைக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாயிருந்த லின்னேயஸ் ட்ரைப் என்பவர், 1855-இல் பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவோடு புகைப்படம் எடுப்பவராக அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டே சென்னை அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்டார். வட இந்தியா கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த 1857-ஆம் ஆண்டின் இறுதியில், கருவிகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு அவர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். திருவரங்கத்தையும் மதுரையையும் தஞ்சையையும் படமாக்கினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை மட்டும் 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே நீண்ட சுருளாக்கினார். 1858-இல் எழும்பூர் அருங்காட்சியகத்திலிருந்த அமராவதிச் சிற்பங்களைப் பதிவு செய்தார். அவற்றுள் பல பின்னர் கடல் கடந்து இலண்டன் சென்றுவிட்டன. 1859-இல் புதிய ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெலியன் இவ்வேலையை ஆடம்பரச் செலவென்று கருதி நிறுத்திவிட்டார்.

ட்ரைப் எடுத்தவை கல்லின் படங்கள். கல்லை எடுத்தவர் அதனை நினைத்து இரவில் விழித்திருக்க வேண்டியதில்லை. மனிதர் படும் துன்பத்தை எடுத்தவரின் நிலை வேறு.

விடுதலைக்குப் பின் நம் வான்படையில் 106-ஆம் அணி என்றோர் அணி இருந்தது. கான்பெரா விமானங்களில் உயரப் பறந்து, எதிரி நிலத்தைப் படமெடுத்துத் திரும்புவது அதன் பணி. அதில் பணியாற்றிய ஜக் மோகன் நாத் என்னும் அதிகாரி 1962-க்கு முன்னும் பின்னும் இமயத்தின் மேல் பறந்து, திபெத்தில் சீனப் படைகளின் நிலையைப் படமாக்கினார். 1965-இல் மேற்கு எல்லைக்கு அப்பாலும் பறந்தார். இப்பணிகளுக்காக மகாவீர் சக்கர விருதை இருமுறை பெற்றார். 1962-ஆம் ஆண்டுப் போரில் நம் போர் விமானங்கள் தாக்குதலில் இறக்கப்படவில்லை என்பது வரலாறு. தாம் உயிரைப் பணயம் வைத்துக் கொணர்ந்த செய்தியை ஆள்வோர் உரியவாறு பயன்படுத்தவில்லையே என்ற வருத்தத்தை, முதிய வயதில் தம்மைப் பேட்டி காண வந்தவர்களிடம் நாத் வெளியிட்டார். 2023-இல் அவர் மறைந்தார். விருதுகள் இரண்டிருந்தும், அவர் நெஞ்சில் தங்கியிருந்தது அந்த ஆதங்கமே.

இது பெரியவர்களின் கதை. பெயர் வெளிவராத சிறியவர்களின் கதை நம் தெருக்களிலேயே இருக்கிறது. மயிலாப்பூரில் ஓர் அன்பியக் கூட்டம் முடிந்தபின் ஒரு முதியவர் தம் இல்லத்திற்கு நம்மை அழைத்துச் சென்றார். வான்படையின் புகைப்படப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். விமானம் தரையிறங்கியதும் கருவியிலிருந்து படச்சுருளைக் கழற்றுவது, இருட்டறையில் கழுவுவது, உலர்த்துவது, அச்சிட்டு மேலதிகாரியிடம் ஒப்படைப்பது இவையே அவர் வேலை. ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் தம் இளமைக்காலப் படங்களை வைத்திருந்தார். பகை நாட்டு நிலத்தின் படம் ஒன்றுகூட அதில் இல்லை. அவையெல்லாம் அரசின் சொத்து. நண்பர்கள் தோள்மேல் கைபோட்டு நிற்கும் படங்களே இருந்தன. "சின்னச் சின்னப் புள்ளியா வீடு தெரியும் சாமி. துணி காயப் போட்டிருக்கிறதுகூடச் சில படத்துல தெரியும். நாளைக்கு அங்கே குண்டு விழப்போகுதுன்னு எனக்குத் தெரியும், அந்த வீட்டுக்காரங்களுக்குத் தெரியாது" என்றார். சற்று நேரம் சென்றபின், "அப்போ வெளியில சொல்லக்கூடாதுன்னாங்க. இப்போ சொல்லுன்னு கேக்க யாருமில்லை" என்றார். உள்ளறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பேரப்பிள்ளைகள் அந்த டப்பாவை அன்றுதான் முதன்முறையாகத் திறந்து பார்த்தார்கள்.

அவர் கூற்றைக் கேட்டபின், இதே தொழிலால் உள்ளம் வருந்திய வேறு இருவர் நம் நினைவுக்கு வந்தனர். இருவரையும் இணைத்தது ஜப்பானிய நாட்டின் நாகசாகி நகரம். ஆசியத் திருச்சபையின் வரலாற்றில் மறைச்சாட்சிகளின் இரத்தத்தால் நனைந்த அந்நகரின்மேல் 1945 ஆகஸ்டு 9 அன்று அணுகுண்டு வீழ்ந்தது. அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவுக்கு ஆயத்தமாக ஒப்புரவு அருளடையாளம் பெற வந்திருந்தோர் உரக்காமிப் பேராலயத்திற்குள்ளேயே மாண்டனர். அப்பகுதியில் வாழ்ந்த ஏறத்தாழ 12,000 கத்தோலிக்கருள் சுமார் 8,500 பேர் மடிந்ததாகக் கணக்கிட்டுள்ளனர்.

மறுநாள் விடியற்காலையில் யோசுகே யமஹாத்தா என்ற ஜப்பானிய இராணுவப் புகைப்படக்காரர் அங்கே வந்திறங்கினார். பகைவரின் கொடுமையை உலகறியச் செய்யும் பரப்புரைக்கு உதவும் படங்கள் வேண்டுமென்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. அன்று ஒரே பகலில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். கையில் சோற்றுருண்டையுடன் நிற்கும் சிறுவனும், குழந்தைக்குப் பாலூட்டும் காயமுற்ற தாயும் அப்படங்களில் உள்ளனர். அந்நேரத்தில் தமக்கு இரக்கமோ கலக்கமோ தோன்றவில்லை என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். உள்ளம் தாங்கக்கூடிய அளவை அக்காட்சி கடந்துவிட்டது போலும். 1952-இல், வெளியார் ஆட்சியின் தணிக்கை நீங்கியபின், அவற்றை நூலாக வெளியிட்டார். மனித நினைவு ஆண்டுதோறும் நழுவிக்கொண்டே போகும், கருவி பிடித்ததோ மாறாமல் நிற்கும் என்பது அவர் கருத்து. 1966-இல் புற்றுநோயால் தமது 48-ஆம் வயதில் இறந்தார்.

குண்டு வீழ்ந்த அடுத்த மாதம், வென்ற நாட்டின் கடற்படைக் காலாட்படையைச் சேர்ந்த ஜோ ஓடொனல் என்ற 23 வயது இளைஞர் ஜப்பானில் இறங்கினார். அழிவைப் பதிவு செய்ய ஏழு மாதம் நகர் நகராகச் சுற்றினார். படைக்கென எடுத்தவற்றை ஒப்படைத்தார். தம் சொந்தக் கருவியால் எடுத்த ஏறத்தாழ 300 படங்களை ஒரு பெட்டியில் இட்டுப் பூட்டினார். பெட்டி 40 ஆண்டுகளுக்கு மேல் திறக்கப்படவில்லை. 1989-இல் கென்டக்கி மாநிலத்தில் ஒரு துறவற இல்லத்திற்கு அவர் சென்றபோது, அங்கே சகோதரி ஒருவர் செதுக்கிய இயேசுவின் பாடுபட்ட உருவத்தைக் கண்டார். அவ்வுருவத்தின்மேல் அணுகுண்டால் மாண்டோரின் படங்கள் ஒட்டப்பட்டிருந்தன. பாடுபட்டவரின் உடலில் தாம் கண்ட மக்களையே கண்டபின், அவரால் பெட்டியை மூடி வைத்திருக்க இயலவில்லை.

பெட்டியிலிருந்து வெளிவந்த படங்களுள் ஒன்றை வாசகருள் பலர் பார்த்திருக்கலாம். ஏறத்தாழ பத்து வயதுச் சிறுவன் வெறுங்காலோடு விறைப்பாக நிற்கிறான். முதுகில் கட்டப்பட்டுள்ள தம்பி உறங்குவது போலத் தலை சாய்ந்திருக்கிறான். அக்குழந்தை இறந்துவிட்டது. எரியூட்டும் இடத்தில் தன் முறைக்காக அண்ணன் காத்திருக்கிறான். தம்பியின் உடல் நெருப்பிலிடப்பட்டபின் அச்சிறுவன் ஒரு சொல்லும் பேசாமல் திரும்பி நடந்தான் என்றும், இதழைக் கடித்த கடியில் இரத்தம் கசிந்தது என்றும் ஓடொனல் நினைவுகூர்ந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2017-ஆம் ஆண்டின் இறுதியில் இப்படத்தை அட்டையில் அச்சிடச் செய்து, பின்புறம் "போரின் கனி" என்ற சொற்களோடு தம் கையொப்பத்தையும் இட்டு வழங்கினார். 2019 நவம்பரில் அவர் நாகசாகி சென்றபோது, குண்டு வீழ்ந்த இடத்தில் அப்படம் பெரிதாக வைக்கப்பட்டிருந்தது.

இக்கதைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. ஓடொனல் 2007 ஆகஸ்டு 9 அன்று, நாகசாகியின் நினைவு நாளிலேயே, இறந்தார். அதன்பின், பிறர் எடுத்த புகழ்பெற்ற சில படங்களையும் அவர் தம்முடையவை என்று சொல்லி வந்தது தெரியவந்தது. முதுமையில் நினைவு குழம்பியதே காரணம் என்றனர் குடும்பத்தார். அச்சிறுவனின் பெயரோ, படம் எடுக்கப்பட்ட சரியான இடமோ நாளோ இன்றுவரை உறுதியாகவில்லை. தேடியவர் பலர். சொல்லக்கூடியவராக இருந்த ஒருவரிடம் கேட்க வேண்டிய காலத்தில் எவரும் கேட்கவில்லை. கருவி பிடித்தது மாறாது என்ற யமஹாத்தாவின் சொல் மெய்யே. ஆயினும் நின்றவன் யார், எங்கே, எந்நாள் என்பதைக் கருவி சொல்லாது. அதைச் சொல்ல, எடுத்தவர் வேண்டும். அவரைக் கேட்க ஒருவர் வேண்டும்.

கேட்டால் என்ன விளையும் என்பதற்கும் சான்று உண்டு. 1945 ஏப்ரல் 15 அன்று பிரித்தானியப் படை பெர்கன்-பெல்சன் வதைமுகாமை விடுவித்தபோது, படையின் படப்பிரிவைச் சேர்ந்த மைக் லூயிஸ், பில் லாரி, ஹாரி ஓக்ஸ் போன்றோர் உள்ளே சென்றனர். லூயிஸ் தாமே யூத குலத்தவர். அங்கே புதைக்கப்பட்டுக்கொண்டிருந்தவர்கள் அவருடைய இனத்தார். பல ஆண்டுகளுக்குப் பின் இலண்டனிலுள்ள போர் அருங்காட்சியகம் இவர்களைத் தேடிச் சென்று, அவர்தம் நினைவுகளை ஒலிநாடாவில் பதிவு செய்தது. அதனால் அம்முகாமின் படங்களோடு அவற்றை எடுத்தவரின் குரலும் இன்று நிலைத்திருக்கிறது. அக்கொடுமை நிகழவேயில்லை என்று வாதிடத் துணிவோருக்கு எதிரே அக்குரல்கள் சாட்சியாக நிற்கின்றன.

சாட்சியம் என்பது நம் மண்ணுக்குப் புதிய சொல்லன்று. காயங்களைக் காணாமல் நம்பமாட்டேன் என்ற திருத்தூதர் தோமையாரின் கல்லறைமேல்தான் நம் சாந்தோம் பேராலயம் எழுந்துள்ளது. அவரை ஐயப்பட்டவர் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். சற்று ஆழ்ந்து நோக்கினால், காயத்தை அருகில் சென்று பார்க்கத் துணிந்தவர் அவர். கண்டபின் அவர் வாய்மூடி இருக்கவுமில்லை. கண்டதைச் சொல்லிக்கொண்டே கடல் கடந்து மயிலை வரை வந்தார் என்பது நம் மரபு. அவர் சொல்லக் கேட்க இங்கே ஆள் இருந்ததும் நினைக்கத்தக்கது. கேட்போர் இல்லாவிடில் அந்தச் சாட்சியம் இக்கடற்கரையிலேயே கரைந்திருக்கும்.

பரங்கிமலைக்கு அருகே நந்தம்பாக்கத்தில் 1952-இல் அமைந்த போர்க் கல்லறைத் தோட்டத்தை நம்முள் பலர் பேருந்திலிருந்தே பார்த்துக் கடந்திருப்போம். இரண்டாம் உலகப் போரில் மாண்டோரின் கற்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. பெயரும் நாளும் படைப்பிரிவும் பொறித்த அக்கற்களைப் பேணுவதற்கென்றே ஓர் ஆணையம் இருக்கிறது. இறந்த வீரருக்கு உலகம் இவ்வளவு செய்கிறது. உயிரோடிருக்கும் வீரரின் நினைவைப் பேண ஆணையம் ஏதுமில்லை. அது குடும்பத்தின் கடமை, பங்கின் கடமை.

மயிலையிலும் அடையாற்றிலும் தியாகராய நகரிலும் நம் பங்குகளில் படைப்பணி முடித்துத் திரும்பிய முதியோர் இருக்கின்றனர். நவம்பர் மாதத்தில் இறந்தோருக்காக மன்றாடுகிறோம். அம்மாதத்தில் உயிரோடிருக்கும் இவர்களிடம் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட இளைஞர் இயக்கத்தாரும் வின்சென்ட் தே பால் சபையினரும் முன்வரலாம். வீரத்தைப் பற்றி மட்டும் கேட்க வேண்டாம், உறக்கம் வராத இரவுகளைப் பற்றியும் கேட்கலாம். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தலாகாது. சொல்ல விரும்புபவரை இடைமறித்துப் பேசலாகாது. பழைய படங்களைப் புரட்டும்போது ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் மெதுவாக எழுதி வைக்கலாம். பேனா மை படத்தின் முன்பக்கம் ஊறிவிடும்.

தம்பியைச் சுமந்து நின்ற நாகசாகிச் சிறுவனின் பெயர் இறைவனுக்குத் தெரியும். அந்த நம்பிக்கை நமக்கு உண்டு. ஆயினும் நம் வீட்டுப் பெட்டியிலுள்ள படங்களின் பெயர்களை எழுதி வைக்கும் வேலையை இறைவன் நம்மிடமே விட்டிருக்கிறார். அவற்றைச் சொல்லக்கூடியவர் இன்று பக்கத்து அறையில் இருக்கிறார்.