ஜிப்பைத் திறந்த கைக்கடிகாரம்

1973இல் வந்த 'லிவ் அண்ட் லெட் டை' படத்தில் ஜேம்ஸ் பாண்டின் கைக்கடிகாரத்துக்குள் காந்தம் இருக்கும். ரோஜர் மூர் அதை வைத்து ஒரு பெண்ணின் முதுகு ஜிப்பை மெல்லக் கீழே இறக்குவார். கேபிள் டிவியில் பார்த்தபோது அப்பா சிரித்தார், அண்ணன் சிரித்தான், நானும் சிரித்தேன். நான் எதற்குச் சிரித்தேன் என்று இன்றுவரை கூச்சமாக இருக்கிறது. பத்து வருடம் கழித்து வந்த 'ஆக்டோபஸி'யில், பாண்டுக்குக் கருவிகள் செய்து தரும் கியூவின் கூடத்தில் ஒரு கேமரா. பாண்ட் அதை அங்கே வேலைசெய்யும் பெண்ணின் மார்பின் மேல் திருப்பி, பெரிதாக்கிப் பார்ப்பார். கருவியைச் சோதித்துப் பார்க்க நாம் இருந்தோம்.

2006இன் 'கசினோ ராயல்' படத்தில் கியூவே கிடையாது. 2012இல் 'ஸ்கைஃபால்' வந்தபோது இளவயது கியூ ஒரு துப்பாக்கியையும் சின்ன ரேடியோவையும் கொடுத்துவிட்டு, வெடிக்கிற பேனாவையா எதிர்பார்த்தாய் என்று பாண்டையே கிண்டல் செய்தான். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு எதைக் காட்டி நம்மை வாய்பிளக்க வைப்பது?

எனக்குப் பிடித்தது 'தி போர்ன் ஐடென்டிட்டி'யில் வரும் மரீ. பாரிஸ் ஓட்டல் ஒன்றிலிருந்து ஒரு பில் விவரம் வேண்டும். எத்தனை அடி நடக்க வேண்டும், யார் யார் நிற்கிறார்கள் என்று போர்ன் பெரிய திட்டம் போடுகிறான். அவள் நேரே போய், அந்த ஆளின் உதவியாளர் என்று சொல்லி, கேட்டு வாங்கி வந்துவிடுகிறாள். அவ்வளவுதான். (அடுத்த படத்தின் தொடக்கத்திலேயே அவளைக் கொன்றுவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சல் தனி.)

வேலைக்காகச் சென்னைக்கு வந்தபோது அண்ணன் புதுப் போன் வாங்கித் தந்தான். நான் இருக்கும் இடம் அவன் போனில் தெரிகிற மாதிரி அவனே அமைத்தும் வைத்தான். ஏழு மணிக்கு மேல் அந்தப் புள்ளி ஹாஸ்டலில் இல்லையென்றால் அழைப்பு வரும்.

"எங்க இருக்க பாப்பா?"

தெரிந்துகொண்டேதான் கேட்பான். பாசம்தான். அதனால்தான் எடுத்துவிடு என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை போனைத் தலையணைக்கு அடியில் வைத்து, அறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். கடற்கரைக்குப் போக வேண்டும், தனியாக. வழி பார்க்க மேப் இல்லை. பெசன்ட் நகர் பஸ் எங்கே நிற்கும் என்று தெருமுனைப் பூக்கார அம்மாவிடம் கேட்டேன். கட்டிக்கொண்டிருந்த பூவைக் கீழே வைக்காமலே, முகவாயால் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார்.