கச்சாயமும் கஷாயமும்

எங்கள் ஊர்க் கச்சாயத்தை நீங்கள் சாப்பிட்டதுண்டோ, சகோதரிகளே? பச்சரிசியை ஊறவைத்து வெல்லத்தோடு ஆட்டி, ஏலக்காய் தட்டிப் போட்டு, கரண்டியால் எண்ணெயில் ஊற்றிச் சுட்டெடுப்போம். ஓரம் மொறுமொறுவென்றும் நடுவில் மெத்தென்றும் இருக்கும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால், "இது அப்பந்தானே?" என்பார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஒன்று குறைத்து வைப்பேன், அவ்வளவுதான்.

அந்தக் கச்சாயத்தால் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்து ஓய்ந்தாகிவிட்டது, ஒருவரைத் தவிர. அவரைப் பற்றிப் பிறகு.

அவிநாசியிலிருந்து புளியம்பட்டி போகிற சாலையில் இருக்கிறது சேவூர். திருப்பூர்க் கம்பெனிகளிலிருந்து தைத்த பனியன்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பிசிறு வெட்டி, கறை, ஓட்டை பார்த்து, மடித்துக் கொடுத்தால் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. இருபது வருஷமாக இதுதான் என் தொழில். கையும் கண்ணும் வேலை செய்யும். வாய் மட்டும் சும்மா இருக்கும். சும்மா இருக்கிற வாய்க்கு என்ன வேண்டும் என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்?

2022-ஆம் வருஷம் புரட்டாசி மாதம். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று அரசாங்கம் 2021 ஆகஸ்டில் ஒரு திட்டம் தொடங்கியதல்லவா, அதிலே வீடு வீடாக வருகிற அம்மிணி எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். ஒரு பீஸைக்கூடக் கீழே வைக்காமல் இடது கை விரலை நீட்டினேன். குத்தினாள். கருவியைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"அக்கா, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்லை கண்ணு. ரெண்டு கச்சாயம், ஒரு காப்பி."

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுநாள் வெறும் வயிற்றில் எடுத்தபோதும் 162 காட்டியது. மெட்பார்மின் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு மாதாமாதம் அந்த அம்மிணியே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் இந்த வியாதி உண்டு என்று 2023-இல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது. இத்தனை பேரில் நான் ஒருத்தி என்றால் கொஞ்சம் ஆறுதலாக இருக்க வேண்டும். எனக்கு இருக்கவில்லை.

மாத்திரை வந்த மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். "அதெல்லாம் ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விடாதாமுங்க. கிட்னியைத் தின்னுருமாமா" என்றார். அதோடு விடாமல், ஒரு வைத்தியரிடம் அழைத்துப் போனார். அவர் எந்த ஊர், என்ன பேர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். தொண்ணூறு நாளில் மாத்திரையை வீசி எறியலாம் என்றார் அவர். நான் அவரையும் மிஞ்சினேன். அன்று சாயங்காலமே நிறுத்திவிட்டேன். ஆனால் வீசி எறியவில்லை. எறிந்தால் யாராவது பார்த்துவிட மாட்டார்களா? அட்டை அட்டையாக அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அப்புறம் பார்க்க வேண்டுமே எங்கள் அடுக்களையை! விடியற்காலம் ஊறவைத்த வெந்தயம். ஏழு மணிக்குப் பாகற்காய்ச் சாறு. பதினோரு மணிக்கு ஆவாரம்பூக் கஷாயம். மத்தியானம் நாவற்கொட்டைப் பொடி. சாயங்காலம் கொய்யா இலை. மருமகள் காப்பிப் பொடியைத் தேடினால் நாவற்கொட்டை கையில் வரும். ஒரு நாள் அவளுடைய அப்பாவுக்கே அதில் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டாள். அந்த நல்ல மனிதர் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு, "சேவூர்த் தண்ணி கொஞ்சம் துவர்ப்புங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். ஒவ்வொரு கஷாயத்துக்கும் நான் ஒரு கூலி வாங்கிக்கொண்டிருந்தேன். வெந்தயம் தின்றாயிற்றா? அப்படியானால் காப்பியில் நாட்டுச் சர்க்கரை இரண்டு கரண்டி. (வெள்ளைச் சர்க்கரைதானே கெடுதல்! இரண்டும் ஒரே கரும்பிலிருந்து வருகின்றன என்பதும், இரத்தத்துக்குள் போனபின் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது என்பதும் எனக்கு அப்போது ஏறவில்லை.) பாகற்காய்ச் சாறு குடித்த அன்று கட்டாயம் ஒரு கச்சாயம். கசப்பு உள்ளே போய் இனிப்பை அடித்துவிடும் என்பது என் கணக்கு. ராகிக் களி உடம்புக்கு நல்லது என்று கேட்டதும் ஒரு உருண்டை மூன்று உருண்டை ஆனது. மருந்து என்று பேர் வைத்துத் தின்றால் எதற்கும் அளவே தெரிவதில்லை.

சிறுகுறிஞ்சான் கதையைச் சொல்லாமல் விடக்கூடாது. வேலியோரத்திலிருந்து அந்தக் கொடியைப் பறித்து வந்து கொடுத்தார் ஒரு பாட்டி. இரண்டு இலையை மென்றேன். உடனே பழக்கதோஷத்தில் சம்புடத்தைத் திறந்து ஒரு கச்சாயத்தை எடுத்து வாயில் போட்டேன். என்ன ஆச்சரியம்! ஈர மண்ணைத் தின்பது போல இருந்தது. சர்க்கரையை அள்ளி நாக்கில் வைத்தேன். மணல்! அந்த இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலம் நாக்கில் இனிப்பை அறிகிற இடங்களைச் சிறிது நேரம் அடைத்துவிடுமாம். வேறொருத்தியாக இருந்தால், 'ஆகா, ஆசையை வெல்ல வழி கிடைத்தது' என்று கை கூப்பியிருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கடிகாரத்தின் எதிரே போய் உட்கார்ந்துகொண்டேன். முக்கால் மணி கழிந்ததும் நாக்குக்கு உயிர் வந்தது. எழுந்து போய்ச் சம்புடத்தைத் திறந்தேன்.

தை மாதம் பிறந்தது. பிசிறு தெரியவில்லை. வெள்ளைப் பனியனில் வெள்ளை நூல்தானே என்று முதலில் நினைத்தேன். பிறகு கறையும் தெரியவில்லை. ஒரு மூட்டை முழுவதும் திரும்பி வந்தது; அந்த வாரக் கூலியில் பாதி போயிற்று. அவிநாசிக்குப் போய் 1,800 ரூபாய்க்கு மூக்குக் கண்ணாடி வாங்கினேன். ராத்திரி நாலு தரம் எழுந்து தண்ணீர் குடிப்பதையும், நாலு தரம் வெளியே போவதையும் கண்ணாடியோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மருமகளுக்குத் தோன்றியது. "அத்தை, கிளம்புங்க" என்றாள். என் வீட்டுக்காரரும் கூட வந்தார்.

சுகாதார நிலையத்தில் ஓர் இளம் டாக்டரம்மா. வெறும் வயிற்றில் 286. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 10.8. ஆறரை, ஏழுக்குள் இருக்க வேண்டிய எண் அது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களாம்மா?"

"சாப்பிடறேனுங்க."

எவ்வளவு சுலபமாக வந்தது பொய்! அப்போதுதான் என் வீட்டுக்காரர் தோளில் கிடந்த துணிப்பையை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தார். நாலு மாத மாத்திரை, அட்டை அட்டையாக. மருமகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். டாக்டரம்மாவும் உதட்டைக் கடித்துக்கொண்டார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்கம்மா காலை எடுத்தன்னிக்கு நீதான கூட இருந்த?" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

இருந்தேன், சகோதரிகளே. 2009-இல் என் மாமியாருக்குச் சர்க்கரையால் இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. சுண்டுவிரலில் ஒரு முள் குத்தியதுதான் ஆரம்பம். இல்லாத காலில் அரிக்கிறது, சொறிந்துவிடு என்று ராத்திரியெல்லாம் கேட்பார். போர்வையைச் சொறிந்து கொடுத்திருக்கிறேன். அதைப் பார்த்தவள்தான் நான், கச்சாயத்துக்காகக் கடிகாரம் பார்த்தவளும்.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. வெந்தயத்தை விட வேண்டாம் என்றார். அதிலுள்ள நார் சர்க்கரை இரத்தத்தில் ஏறுவதைக் கொஞ்சம் மெதுவாக்கும். ஆனால் மாத்திரைக்கு அது ஈடாகாது. "செடியாத்தான் வேணும்னா, இந்த மாத்திரையும் ஒரு செடியோட வம்சந்தானுங்கம்மா" என்று சிரித்தார். ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு பூச்செடி. பழைய நாளில் வைத்தியத்துக்கு உபயோகித்திருக்கிறார்கள். அதிலுள்ள சத்தைத் தொடர்ந்து ஆராய்ந்துகொண்டு போன வழியில் வந்ததுதான் மெட்பார்மின். 1922-இல் முதலில் தயாரித்தார்கள். 1957-இல் பாரிஸ் நகரத்து வைத்தியர் ழான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து வெளியிட்டார். அரிசி டிரம்முக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்தது ஒரு பச்சிலையின் பேரனைத்தானாம்!

கண்ணுக்கும் காரணம் சொன்னார். சர்க்கரை ஏறினால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை உப்பிப் பார்வை மாறுமாம். இறங்கினால் மறுபடியும் மாறுமாம். அதனால் சர்க்கரை ஒரு நிலைக்கு வருமுன் கண்ணாடி வாங்கக் கூடாதாம். போயிற்றா 1,800 ரூபாய்!

அந்த நாட்களில் பையனுடைய அலமாரியிலிருந்து காந்திஜியின் 'சத்திய சோதனை'யை எடுத்துப் படித்தேன். அதிலே நம்ம ஊர்ச் சரக்கு வருகிறது, நிலக்கடலை! திங்கட்கிழமை தோறும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கடலை ஏலம் நடக்கிற ஊர்க்காரிக்கு அதைப் படித்ததும் ஒரு சொந்தம் வந்துவிட்டது. 1918-இல் அவர் கேடா ஜில்லாவில் கடலை விழுதும் எலுமிச்சம்பழமுமாகக் காலம் தள்ளி வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். கொஞ்சம் தேறுகிற சமயம் ஒரு பண்டிகை. கஸ்தூர்பா அம்மையார் கோதுமையில் இனிப்பாகக் கஞ்சி செய்து வைத்தார். மகாத்மாவும் ஆசைப்பட்டுச் சாப்பிட்டார். ஒரு மணி நேரத்தில் வயிற்றுக்கடுப்பு முற்றிவிட்டது. பிறகு, பால் சாப்பிடுவதில்லை என்ற சபதம் குறுக்கே நின்றபோது, அது பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்கும்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன என்று வழி காட்டியவரும் அந்த அம்மையார்தான். காந்திஜி குடித்துப் பிழைத்தார். ஆனால் சபதத்தின் எழுத்தைக் காப்பாற்றி அதன் பொருளைக் கைவிட்டோமே என்று கடைசி வரையில் அவருக்கு உறுத்தல். அந்தப் பக்கத்தை நான் இரண்டு தரம் படித்தேன். அவர் சந்து கண்டுபிடித்தது உயிர் பிழைக்க. நான் கண்டுபிடித்ததெல்லாம்? சொல்ல வெட்கமாயிருக்கிறது.

இப்போது மாத்திரையை இரண்டு வேளையும் அவர் கண்ணெதிரில்தான் விழுங்குகிறேன். வெந்தயம் உண்டு. பாகற்காய் பொரியலாக வருகிறது, சாறாக அல்ல. ஒரு உருண்டைக் களி, நிறையக் கீரை, கொள்ளு ரசம். வேலை செய்யும்போது வாய்க்கு ஒரு கைப்பிடி அவித்த கடலைக்காய். என் கைப்பிடி இல்லை, பேத்தியின் கைப்பிடி! சாயங்காலம் வாலீசுவரர் கோயில் வரைக்கும் நடை. ஆசை போய்விட்டதா என்று கேட்கிறீர்களா? எங்கே போகிறது! அடுத்த வீட்டில் வெல்லம் காய்ந்தால் எனக்கு இங்கே கை தடுமாறிப் பிசிறோடு பனியனையும் வெட்டிவிடுவேன் போலிருக்கிறது. போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் மூன்று ஒப்பிட்டு தின்றுவிட்டு வந்து, ராத்திரி அவரை எழுப்பிச் சொன்னேன். "சரி, படு" என்றார். ஒளிக்கிறதற்குச் சொல்வது மேல், தூக்கம் வருகிறது.

கடைசியாகப் பார்த்தபோது சராசரி 7.1. கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. அது பழைய கச்சாயச் சம்புடத்தில் கிடக்கிறது.

ஆடி நோம்பிக்கு மருமகள் கச்சாயம் சுட்டாள். அவர் ஒன்றை எடுத்து இரண்டாகப் பிட்டு, ஒரு துண்டை என் கையில் வைத்தார். மற்றதைத் தம் வாயில் போட்டுக்கொண்டார். இப்போது எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. அவர் துண்டுதான் பெரியது.