பரணில் கிடந்த டிவி

2006இல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் எங்கள் ரேஷன் கார்டுக்கும் ஒரு 14 அங்குலப் பெட்டி வந்தது. தமிழ்நாடு முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். எங்களுடையது பழுதாகிப் பரணில் கிடந்தது. போன போகிக்கு வீட்டை ஒழித்தபோது பழைய பேப்பர்காரரிடம் நூறு ரூபாய்க்குப் போட்டேன்.

மறுவாரம் காலை நடையில், முத்தாபுதுப்பேட்டையிலேயே ஒரு காலிமனையில் அதைப் பார்த்தேன். உடைந்த உறையில் பேரன் ஒட்டிய ஸ்டிக்கர். செம்புச் சுருளை உருவிக்கொண்டு பிக்சர் டியூபை நொறுக்கிப் போட்டிருந்தார்கள். எக்ஸ் கதிரைத் தடுக்க அந்தக் கண்ணாடியின் பின்பகுதியில் ஈயம் சேர்த்திருப்பார்கள். அங்கே ஆடு மேய்கிறது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். செம்புக்கு விலை உண்டு, கண்ணாடியை யார் வாங்குவார்கள்? புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தபோது 'ஷிஃபோனியே' என்றொரு சொல் வரும், கந்தல் பொறுக்குபவர். அவர் மூட்டையில் கந்தலும் எலும்பும் இருக்கும், பிக்சர் டியூப் இருக்காது.

2023 ஏப்ரல் முதல் புதிய மின்கழிவு விதிகள் அமலில் இருக்கின்றன. தயாரித்த கம்பெனியே பொறுப்பு. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போகவேண்டும். ஆயுள் முழுக்க அரசாணைகளைக் கோப்பில் கட்டிய குமாஸ்தா நான், இதைப் படித்தது டிவியைப் போட்ட பிறகு.

கையுறை மாட்டிக்கொண்டு சில்லுகளைப் பொறுக்கி சிமெண்டு சாக்கில் கட்டிவந்தேன். திண்ணையில் இருக்கிறது.

"ஏங்க, இது இன்னும் எத்தனை நாளைக்கு இங்கேயே இருக்கும்?" என்கிறாள் மனைவி.