இல்லை என்றேன்

என் மகனின் வலக்கண் பார்வை போனதற்கு நான்தான் காரணம். உறவினர்கள் விதி என்கிறார்கள். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம்.

போர்ட் பிளேர், டெலானிப்பூர் எங்கள் ஊர். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். அம்மா வழித் தாத்தா ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்தவர். முதுமையில் அவருக்கு ஒரு கண் தெரியாது. தேங்காய் மட்டை பட்டுவிட்டது என்பது வீட்டுக் கதை. அது பொய் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் காலையில் கண்ணுக்குள் திரை இறங்கியது என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். எனக்குக் கண்ணாடிப் பவர் மைனஸ் பன்னிரண்டு. மனைவி என் மாமன் மகள். இருவருக்கும் அவர்தான் தாத்தா.

மகனுக்கு நான்கு வயதிலேயே மைனஸ் எட்டு. “குடும்பத்துல யாருக்காவது பவர் அதிகமா? விழித்திரைப் பிரச்சினை உண்டா?” என்று கண் டாக்டர் கேட்டார். பரிசோதனை அறைக் கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில், என் தங்கையைப் பெண் கேட்டிருந்த வீட்டுப் பெரியவர். அவர் காதில் விழும்படியே சொன்னேன்: “எனக்கு லேசாத்தான். வேற யாருக்கும் இல்லீங்க.”

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். திருத்த நேரம் இருந்தது. திருத்தவில்லை.

வளர்ந்தவர் கண்ணின் நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். கடுமையான கிட்டப்பார்வையில் அது 26-ஐத் தாண்டும். விழித்திரை இழுபட்டு மெலிந்து, ஓரத்தில் கிழியலாம். ஆண்டுதோறும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால், கிழிசலைச் சுற்றி லேசர் வைத்து அடைக்க முடியும். இத்தகைய கிட்டப்பார்வைக்குக் காரணமாக, பெற்றோரில் ஒருவர் தந்தாலே போதும் என்ற வகை மரபணுக் கோளாறு உண்டு. 2011-ல் ஒரு சீனக் குடும்பத்தில் கண்ட இசட்.என்.எஃப்.644 அப்படி. இருவரும் தந்தால் மட்டுமே வெளிப்படுவதும் உண்டு. 2013-ல் சவுதி அரேபியாவில், சொந்தத்துக்குள் மணம் முடித்த குடும்பங்களில் கண்ட எல்.ஆர்.பி.ஏ.பி.1 அந்த வகை. இதையெல்லாம் காலம் கடந்து படித்தேன். ஆனால் தாத்தாவின் கண்ணைப் பற்றிச் சொல்ல எந்தப் படிப்பும் தேவைப்பட்டிருக்காது.

பையனுக்குப் பவர் ஏறிக்கொண்டே போனது. “செல்போனைக் கொடுத்துக் கெடுத்தவளே இவதான்” என்று அம்மா என் மனைவியைப் பேசினார். வருஷக்கணக்கில் பேசினார். நான் அதே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பதினான்கு வயதில் அவன் வந்து, “கண்ணுக்குள்ள மின்னல் அடிக்குதுப்பா” என்றான். டாக்டரிடம் போனால் மறுபடி அந்தக் கேள்வி வரும். பயந்தேன். “தூங்கு, சரியாயிடும்” என்றேன். அவன் நம்பினான். திரை இறங்கிய பிறகுதான் சென்னைக்கு விமானம் ஏறினோம். அதற்குள் விழித்திரையின் நடுப்பகுதியும் பிரிந்திருந்தது. அறுவைசிகிச்சையில் ஒட்டவைத்தார்கள். அந்தக் கண்ணால் அவனால் இன்று எழுத்து படிக்க முடியாது.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அத்தை என்னைப் பேசுறப்பல்லாம் உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். தெரியும் என்றேன். தங்கை வீட்டிலும் சொல்லிவிட்டேன். அவள் பிள்ளைக்கு இப்போது ஐந்து வயது. அந்த வீட்டார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பிள்ளையின் கண்ணைக் காட்டினார்களா என்பதை மட்டும் தங்கையிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.